இடி இடிச்சா டிவி சுவிட்சை ஆஃப் பண்ணா போதுமா?

கேள்வி: புதுசா 43 இன்ச் டிவி வாங்கி சுவத்துல மாட்டியிருக்கோம், டிஷ் கனெக்‌ஷன்தான். இடி இடிக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணா போதும்னு வீட்டுக்காரர் சொல்றார், சரியா? (வாசகி, தென்காசி)

பதில்: போதாதும்மா. சுவிட்சுக்குள்ள இருக்குற இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மின்னல் அதை சுலபமா தாண்டிடும், அதனால டிவி பிளக், செட்டாப் பாக்ஸ் பிளக் ரெண்டையுமே உருவிடுங்க. நெறைய பேர் மறக்குறது மாடி டிஷ்ல இருந்து இறங்குற கேபிளைத்தான். எங்க வீட்ல ஒருதடவை பிளக்கை மட்டும் உருவிட்டு அந்த கேபிளை அப்படியே விட்டுட்டோம், மறுநாள் பாத்தா பாக்ஸ் போச்சு, அதோட டிவில எச்டிஎம்ஐ ஒயர் சொருகுற இடமும் செத்துப்போச்சு. பாக்ஸ் பின்னாடி திருகி மாட்டியிருக்குற அந்த கேபிளையும் கழட்டி தள்ளி வைங்க. ஆனா வானம் கருக்கும்போதே செஞ்சிடணும், இடி ஆரம்பிச்சிட்டா எந்த ஒயரையும் தொடவே தொடாதீங்க, டிவி போனாலும் பரவால்ல.

இன்னொண்ணு, மூணு பின் பிளக்னா மேல நீளமா தடியா இருக்குற பின்தான் எர்த், சாக்கெட்ல ஏறலன்னு அதை ஒடிச்சிடாதீங்க. டிவியை சுவத்துல மாட்டின ஸ்க்ரூ வெறும் பூச்சுல நிக்காம செங்கல் வரைக்கும் இறங்கியிருக்கான்னும் ஆளைக் கூப்பிட்டு பாத்துடுங்க, குழந்தைங்க இருக்குற வீடுன்னா இன்னைக்கே.