வயலில் வலையே இல்லாமல் துள்ளும் சிலந்தி

நெல் நடவு முடிந்த புதிதில் சிலந்தியைக் காணோம், பயிர் மூடியதும் திடீரென்று நிறைய வந்துவிட்டன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அடிக்காதீர்கள்! காலெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, வயிற்றின் பக்கவாட்டில் சாய்ந்த வெள்ளைக் கோடுகள் இருக்கிறது என்கிறீர்களே, அது லின்க்ஸ் சிலந்தி. ஆக்ஸியோப்பிஸ் ஜாவானஸ் இனமாக இருக்கலாம். பெயரில்தான் ஜாவா, இந்தியாவிலிருந்து சீனா, பிலிப்பைன்ஸ் வரை நெல்வயல்களில் சகஜம். புல்வெளி, புதர்களிலும் பார்க்கலாம்.

தண்ணீர் மட்டத்தில் இதற்கு வேலை இல்லை. ஈரம் குறைந்த மேல் தோகைதான் பிடிக்கும். அதனால்தான் பயிர் அடர்ந்த பிறகு வருகிறது. வலை பின்னிக் காத்திருக்காது. பயிரைக் கெடுக்கும் அந்துப்பூச்சி அருகில் வந்தால் ஒரே தாவலில் பிடித்துவிடும். அதனால்தான் மருந்து வேண்டாம் என்றேன். அப்புறம், தோகையில் முட்டைப்பை மேல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தாய், காவல் இருக்கிறது. கலைக்காமல் விட்டுவிடுங்கள்.