மலைப்பகுதியில சின்ன விமானங்கள் ஏன் இவ்வளவு விபத்துக்குள்ளாகுது? இன்ஜின் கோளாறா?

இன்ஜின் கோளாறுன்னுதான் எல்லாரும் முதல்ல நினைக்காங்க, ஆனா மலையில நடந்த நிறைய விபத்துல மெஷின் கடைசி நொடி வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கு. காத்தும் மேகமும்தான் ஆளைக் கவுக்குது, அதுக்கு மேல "இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிரலாம்"ங்கிற நெனப்பு.

நான் விமானம் ஓட்டுறவன் இல்ல, பணகுடி பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடியில மெயின்டனன்ஸ் வேலை பாக்கேன், அதனால மலைக்காத்து என்ன செய்யும்னு ஓரளவு தெரியும். ஆனி ஆடியில மேற்க மலையைத் தாண்டி வருதுல்லா காத்து, அது சீரா வராது. தாமிரபரணி அணைக்கட்டுல தண்ணி தாண்டி விழுந்ததும் கீழ சுழிச்சுக் கொந்தளிக்கும் பாருங்க, அதே மாதிரிதான் மலைக்கு இந்தப் பக்கம் காத்து சரிஞ்சு இறங்கி உருளும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, வானம் பளிச்சுன்னு கூட இருக்கும். செஸ்னா 172 மாதிரி ஒரு நாலு சீட் விமானம் கடல் மட்டத்துலயே நிமிஷத்துக்கு 700 அடி போலதான் ஏறும். மலையில இறங்குற காத்து நிமிஷத்துக்கு 1000 அடிக்கு மேல கீழ தள்ளிச்சுன்னா, மூக்கைத் தூக்கி ஃபுல் பவர் கொடுத்தாலும் அது இறங்கிட்டேதான் இருக்கும், என்ன செய்ய முடியும் சொல்லுங்க. பெரிய ஜெட் 35,000 அடியில போயிரும், சின்னதுக்கு அந்த வழி இல்ல, மலைக்குப் பக்கத்துலதான் போயாகணும்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஸ்டீவ் ஃபாசெட். பலூன்ல தனி ஆளா உலகத்தைச் சுத்தி வந்த மனுஷன். 2007 செப்டம்பர் 3 அன்னைக்கு ஒரு சின்ன விமானத்துல கெளம்பினவர் திரும்பி வரல. அவ்ளோ பெரிய தேடுதலுக்கு அப்புறமும் 2008 அக்டோபர்லதான் கலிஃபோர்னியா சியரா நெவாடா மலையில உடைஞ்ச பாகங்கள் கெடைச்சுது, அதுவும் மலையேறப் போன ஒருத்தர் கண்ணுல அவரோட அடையாள அட்டை பட்டதால. விசாரணையில சொன்ன காரணம், அந்த விமானத்தால ஏற முடிஞ்ச வேகத்தை விட கீழ இறங்குற காத்து பலமா இருந்துச்சுங்கிறதுதான். அனுபவம் இல்லாத ஆளுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா அவரை?

உயரம் போகப் போக காத்து லேசாகும், வெயில் சேந்தா இன்னும் லேசாகும். இன்ஜினுக்கு பவர் கொறையும், றெக்கைக்கு தூக்குற சக்தி கொறையும், திரும்புறதுக்கு இடமும் கூடுதலா வேணும். குறுகலான பள்ளத்தாக்குல உள்ள போயிட்டு அப்புறம் யூ டர்ன் அடிக்கப் பாத்தா இடம் பத்தாது, அவசரத்துல ரொம்ப சாய்ச்சுத் திருப்பினா ஸ்டால் ஆயிரும், அதாவது றெக்கைக்கு தூக்குற சக்தி போயி விமானம் கீழ விழ ஆரம்பிச்சுரும்.

அடுத்தது மேகம். 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்து எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சூலூர்ல இருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர், ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரும் போயிட்டாங்க. அது ராணுவத்தோட பெரிய மெஷின்தான், ஆனா மலை அதையும் விடல. சதி அது இதுன்னு ஆயிரம் பேசினாங்க, விமானப்படை விசாரணையில மெஷின் கோளாறும் இல்ல சதியும் இல்ல, பள்ளத்தாக்குல திடீர்னு வானிலை மாறி மேகத்துக்குள்ள போனதுல பைலட்டுக்கு திசை நிதானம் தவறிருச்சுன்னு வந்துச்சு. நேபாளத்துல லுக்லா ஏர்போர்ட், ரன்வே வெறும் 527 மீட்டர், ஒரு முனையில மலைச்சுவரு, மறு முனையில பள்ளம். 2008 அக்டோபர் 8 அன்னைக்கு மூடுபனி வந்த நேரத்துல அங்க இறங்கப் பாத்த ட்வின் ஆட்டர்ங்கிற சின்ன விமானம் மோதி 18 பேர் செத்தாங்க, பைலட் ஒருத்தர் மட்டும்தான் பொழைச்சாரு.

"நேத்து இதை விட மோசமான மேகத்துல போயி வந்தேனே"ன்னு சொல்றவங்க பேச்சை நம்பவே கூடாது, ஏன்னா போயி வராதவங்க பேச மாட்டாங்க. இதை ரெண்டாம் உலகப்போர்லயே கணக்குப் போட்டு சொன்னவர் ஆபிரகாம் வால்ட்ங்கிற புள்ளியியல் நிபுணர், குண்டு பட்டுத் திரும்பி வந்த விமானத்தை மட்டும் பாக்காதீங்க, வராததை நெனைச்சுப் பாருங்கன்னு. அவரும் அவர் மனைவியும் 1950 டிசம்பர்ல நம்ம நீலகிரியில ஒரு டகோட்டா விமானம் மலையில மோதினதுலதான் எறந்தாங்க. படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே ஆறல.

எங்க ஊருப் பக்கம் இருந்து கேதார்நாத் டூர் போறவங்க ஜாஸ்தி, அதனால இதையும் சொல்லிருதேன். 2022 அக்டோபர் 18 அங்க நடந்த ஹெலிகாப்டர் விபத்துல செத்தது 7 பேர், அதுல சென்னைக்காரங்களும் உண்டு, 2025 ஜூன் 15 மறுபடியும் 7 பேர். ரிட்டர்ன் ரயில் டிக்கெட்டை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க அண்ணாச்சி. டிக்கெட் மறுநாளைக்குன்னா அவசரத்துல நீங்களே பைலட்டை நெருக்குவீங்க. காத்து அளவு தாண்டினா எங்களை டவர்ல ஏற விடமாட்டாங்க, எவ்ளோ பெரிய அதிகாரி நின்னாலும் அந்த ரூல்தான், அதே மாதிரி பைலட் முடியாதுன்னா விட்டுருங்க. மத்தியானத்துக்கு மேல மலையில காத்தும் மேகமும் ஏறும்கிறதால காலையில போறதுதான் நல்லது, ஆனா 2025ல நடந்தது விடியக்காலைலதான், அதனால பள்ளத்தாக்குல மேகம் உக்காந்திருந்தா மணி என்னன்னாலும் ஏறாதீங்க, டோலி இருக்கு, குதிரை இருக்கு, லேட்டா போனாலும் சாமி தரிசனம் கெடைக்கும்.