போர்ட் ஃபிளிப்பில் கிரீம் எதற்கு?

கேள்வி: போர்ட் ஒயினும் முழு முட்டையும் போட்டு வீட்டில் ஃபிளிப் செய்தேன். முட்டைக் கவுச்சி அடித்தது, கெட்டியாகவும் வரவில்லை. கிரீம் சேர்க்கலாமா?

தயவு செய்து சேர்க்காதீர்கள். ஃபிளிப் என்றால் ஒயினையோ வேறு மதுவையோ முட்டை, சர்க்கரையோடு குலுக்கிச் செய்யும் பானம், போர்ட் என்பது போர்ச்சுகல்லின் இனிப்பு ஒயின். அநேகமாக நீங்கள் முட்டை, ஒயின், ஐஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக் கொஞ்ச நேரம் குலுக்கி ஊற்றியிருப்பீர்கள், முட்டையும் நாள்பட்டதாக இருந்திருக்கும். குறை அங்கேதான்.

நான் லண்டனில் பல வருடங்களாக பார் வேலையில் இருக்கிறேன். முன்பு இருந்த ஒரு ஹோட்டல் பாரில், நாடகம் பார்த்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா போர்ட் ஃபிளிப் கேட்டார். முட்டையை உடைக்கப் போகும்போது மேனேஜர் பக்கத்தில் வந்து, கிரீம் ஊற்று, கிளாஸில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் முறையிலேயே செய்து கொடுத்தேன். அந்த அம்மா இன்னொன்று வாங்கிக் குடித்தார். கடை மூடிய பிறகு மேனேஜர் கிரீம் போட்டு ஒன்று செய்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தோம். அவருடையதில் போர்ட்டின் உலர்ந்த அத்தி, கொட்டை வாசனை எதுவுமே இல்லை, உருகிய ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது. அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

1862-இல் அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் ஃபிளிப்பைப் பற்றி எழுதியபோதே, முட்டையை நன்றாக அடித்து, இரண்டு பாத்திரங்களுக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றுவதில்தான் அந்த வழவழப்பு வரும் என்று சொல்லிவிட்டார். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள் கொழுப்பையும் நீரையும் பிணைக்கிறது, வெள்ளைக் கரு காற்றைப் பிடித்து வைக்கிறது. இதற்கு மேல் கிரீமுக்கு அங்கே என்ன வேலை?

நான் செய்வது இப்படி: டானி போர்ட் (மரப் பீப்பாயில் பல வருடம் கிடந்த வகை) 60 மில்லி, பிராந்தி 30 மில்லி, சின்ன முட்டை ஒன்று, சர்க்கரைப் பாகு ஒரு டீஸ்பூன். பாகு அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் போர்ட் செய்யும்போது பாதி நொதித்தலிலேயே திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள், பழத்தின் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ரூபி போர்ட்டும் போடலாம், ஆனால் மரப் பீப்பாயில் கிடந்த டானிதான் முட்டையோடு சேரும், இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள். முதலில் ஐஸ் இல்லாமல் அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள், மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐஸ் இல்லாதபோது அது திறந்துகொள்ளப் பார்க்கும். அப்புறம் ஐஸ் நிறையப் போட்டு ஷேக்கர் கையில் உறையும் வரை இன்னொரு தடவை. மெல்லிய சல்லடையில் வடித்து, குளிர்ந்த கிளாஸில் ஊற்றி, முழு ஜாதிக்காயை அப்போதே மேலே துருவுங்கள். பொடியாக டப்பாவில் வருவதில் மணம் இருக்காது. உடனே குடித்துவிட வேண்டும், வைத்து வைத்துக் குடித்தால் சூடேறிக் கவுச்சி மேலே வரத்தான் செய்யும். 45 மில்லி போர்ட்டுக்கு 15 மில்லி பிராந்தி, வெள்ளைக் கரு இல்லாமல் 10 மில்லி மஞ்சள் கரு மட்டும் என்று சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு ஒன்று இருக்கிறது, அதுவும் நல்லதுதான், நுரை மட்டும் குறைவு.

பச்சை முட்டையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பிரிட்டனில் சிங்க முத்திரை (பாதுகாப்புத் தரத்துக்காக ஓட்டில் குத்தும் அடையாளம்) உள்ள முட்டையைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று 2017-இல் உணவுத் தர நிர்ணய அமைப்பே சொல்லிவிட்டது. உங்கள் ஊர் முட்டைக்கு அதே உறுதி கிடையாது. ஒயினே கிருமியைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடிக்கச் சொல்லித் தருகிறாயா என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, இது என் தொழில்.

தொழில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலில் பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள், அதில் பாதிகூட எங்கள் கைக்கு வரவில்லை, உடைந்த கிளாஸுக்குப் பிடித்தோம் என்பார்கள். முழுவதையும் ஊழியருக்கே தர வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாரில் உட்காரும்போது அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, போர்ட் கிடைக்காவிட்டால் ஸ்பெயினின் ஒலொரோசோ ஷெர்ரி 60 மில்லி போதும், பிராந்தி வேண்டாம். அது இனிப்பில்லாத ஒயின், பாகை மூன்று டீஸ்பூன் ஆக்கிக்கொள்ளுங்கள்.