குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது ஆகிறது. பிறந்து ஆறு மாதம் வரை நன்றாக இருந்தான். பிறகு இரண்டு முறை நிமோனியா வந்தது. காதில் சீழ் வடிவதும் நிற்கவில்லை. ரத்தத்தில், நோயை எதிர்க்கும் புரதத்தை உண்டாக்கும் பி அணுக்களே இல்லை என்றும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுவதும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சில தவணைகளுக்குப் பிறகு அவன் உடலே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளாதா?

பதில்: உண்டாக்கிக்கொள்ளாது, அம்மா. இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே தெளிவாக ஏற்றுக்கொண்டால்தான் தவணைகளைத் தவறவிடாமல் இருப்பீர்கள் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உங்கள் ரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி என்னும் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குச் சென்றது. அந்த இருப்பு கரையும் வரை அவன் நலமாக இருந்தான். அதன் பிறகு தானே சுரக்க வேண்டிய புரதத்தை அவனால் சுரக்க முடியவில்லை. ஆண் குழந்தைகளில் இந்நிலைக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, எக்ஸ் குரோமோசோமில் உள்ள பி.டி.கே மரபணுவின் பழுதுதான். அதனால் பி அணுக்கள் முதிர்ச்சி அடைவதில்லை. இது உங்கள் வளர்ப்பிலோ உணவிலோ நேர்ந்த குறை அன்று.

1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஓயாத தொற்றுகளால் அவதியுற்ற 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில், ஐ.ஜி.ஜி அடங்கிய காமா குளோபுலின் என்னும் புரதத் தொகுதி அறவே இல்லாததைக் கண்டறிந்து, அதை மாதந்தோறும் தோலுக்கடியில் செலுத்தி அவனைத் தொற்றுகளிலிருந்து காத்தார். இன்றைய சிகிச்சையும் அதே அடிப்படையில் அமைந்ததே: இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். கொடுத்த ஐ.ஜி.ஜி சுமார் மூன்று, நான்கு வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். தவணைக்கு நாள் குறிப்பது இதை வைத்துத்தான்.

வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 400 முதல் 600 மில்லிகிராம். எடை கூடக் கூட மருந்தும் கூட வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். அடுத்த தவணைக்குச் சற்று முன்பு எடுக்கும் ஐ.ஜி.ஜி பரிசோதனையே மருந்து போதுமா என்பதைக் காட்டும். எண்ணைவிட முக்கியமானது உங்கள் கண்காணிப்பு: நான்காவது வாரத்தில் மட்டும் பையன் இருமுகிறான், சோர்ந்து விழுகிறான் என்றால் அதைத் தேதியோடு குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டவோ இடைவெளியைக் குறைக்கவோ அது உதவும். சிரை வழியாக ஏற்றுவதற்குப் பதிலாக, வாரம் ஒரு முறை தோலுக்கடியில் செலுத்தும் முறையும் உண்டு. பயிற்சி பெற்ற பெற்றோர் வீட்டிலேயே செய்யலாம்.

ஏற்றும்போது தலைவலி, குளிர், லேசான காய்ச்சல் வரக்கூடும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால், ஏற்றிய ஓரிரு நாள்களில் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால், அல்லது சிறுநீர் குறைந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையால் மூக்கு, நுரையீரல் ஆகியவற்றின் ஈரப்பரப்பைக் காக்கும் ஐ.ஜி.ஏ புரதம் ஈடாவதில்லை என்பதால், சளியும் காய்ச்சலும் வந்தால் அலட்சியம் கூடாது. போலியோ சொட்டு மருந்தை அவனுக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசியே போட வேண்டும்.

கேள்வி: எங்கள் நான்கு வயது மகளுக்குக் கவாசாகி நோய் என்று ஒரே ஒரு முறை இம்யூனோகுளோபுலின் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மற்றக் குழந்தைகளுக்கு மாதாமாதம் ஏற்றுகிறார்களே, இவளுக்குச் சிகிச்சை பாதியில் நின்றுவிட்டதா?

பதில்: நிற்கவில்லை. மருந்து ஒன்றுதான் என்றாலும் இங்கே அதன் வேலை வேறு. உங்கள் மகளுக்கு எதிர்ப்பாற்றல் குறையவில்லை. அது கட்டுமீறி ரத்தக் குழாய்களையே தாக்கியது. அந்த அழற்சியை அடக்க, கிலோவுக்கு 2 கிராம் என்ற பெரிய அளவை 10 முதல் 12 மணி நேரத்தில் ஒரே தவணையாக ஏற்றுகிறோம். காய்ச்சல் தொடங்கிய 10 நாள்களுக்குள் இதைக் கொடுத்தால், சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏற்படும் இதயத் தமனி வீக்கம், நூற்றில் நான்கைந்து பேர் என்ற அளவுக்குக் குறைகிறது. ஏற்றி முடித்து 36 மணி நேரம் ஆன பிறகும் காய்ச்சல் இருந்தால் மட்டுமே மறு தவணை பற்றி யோசிப்பார்கள். சொன்ன தேதியில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனைக்குச் செல்வதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதங்கள் கழித்தே போட வேண்டும். உடலில் உள்ள இரவல் எதிர்ப்புப் புரதம் அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும்.

கேள்வி: பலருடைய ரத்தத்திலிருந்து எடுப்பதாமே? எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை தொற்றாதா?

பதில்: ஒவ்வொரு தொகுதி மருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) சேர்த்துத் தயாராகிறது. பலவிதக் கிருமிகளுக்கான எதிர்ப்புப் புரதங்கள் ஒரே குப்பியில் கிடைப்பதற்கு இந்தக் கலவைதான் காரணம். கொடையாளர்களின் பிளாஸ்மாவில் எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி உள்ளனவா என்று சோதித்த பிறகு, வைரஸ்களை அழிக்கவும் வடிகட்டவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளைக் கையாளுகிறார்கள். தொற்றும் வாய்ப்பு இன்று மிக மிகக் குறைவு. நோயுள்ள குழந்தையைச் சிகிச்சையின்றி விடுவதே பன்மடங்கு ஆபத்து.

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்கு அடிக்கடி சளி. ஐ.ஜி.ஜி சற்றுக் குறைவு என்று ரிப்போர்ட்டில் வந்தது. முன்னெச்சரிக்கையாக ஒரு முறை ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். சில குழந்தைகளில் சொந்தச் சுரப்பு தாமதமாகத் தொடங்கும். பெரும்பாலும் நான்கு வயதுக்குள் தானே சீராகிவிடும். போட்ட தடுப்பூசிகளுக்கு, உதாரணமாக டெட்டனஸுக்கு, எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏற்றிய பிறகு செய்தால் கொடையாளர்களின் புரதமே கணக்கில் வரும். உருவாகியிருந்து, கடும் தொற்றும் இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து ஐ.ஜி.ஜியை மறுபடி பார்த்தால் போதும்.