சாயம் போகாத மெட்ராஸ்

கேள்வி: நான் ராயபுரம், மணலியில ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல வேலை. மீட்டிங்ல மேனேஜர் என்னைக் காட்டி "டைட்-இன்-த-வூல் நார்த் மெட்ராஸ்காரர்"னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. கம்பளிக்குள்ள செத்தவன்னா அர்த்தம்? இது திட்டா, பாராட்டா சார்?

பதில்: தம்பி, நீங்க உயிரோடதான் இருக்கீங்க, பயப்படாதீங்க. கேக்குறதுக்கு சாவுற டைட் மாதிரிதான் இருக்கும், ஆனா இது சாயம் போடுற டை, நரைக்கு அடிக்கிறோமே அதே டை.

கம்பளிக்கு சாயத்தை எப்ப ஏத்துறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு. துணியா நெய்ஞ்சப்புறம் முக்கி எடுக்கலாம், நூலா இருக்கும்போது ஏத்தலாம், இல்லன்னா ஆட்டுலேர்ந்து கத்தரிச்ச முடியை நூலா திரிக்கிறதுக்கு முன்னாடியே சாயத்துல போட்டுடலாம். நெய்ஞ்ச துணின்னா முறுக்குக்குள்ள சாயம் சரியா இறங்காம போகலாம், முடியிலயே ஏத்திட்டா ஒவ்வொரு இழையும் உள்ள வரைக்கும் அதே கலர்தான், சுலபத்துல போகாது. இங்கிலாந்துல 16ஆம் நூற்றாண்டுலயே இருந்த பேச்சு இது, அப்புறம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல கட்சியை விட்டு அசையாத ஆளுங்களைச் சொல்ல நல்லா புழங்குச்சு. நாம பழுத்த காங்கிரஸ்காரர்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அது.

இதுல எனக்கே சிரிப்பு வந்த இடம் ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வண்ணாரப்பேட்டையே வெள்ளைக்காரன் கம்பெனியோட துணியை வெளுக்குறதுக்குன்னு ஆளுங்க குடியேறின இடம், அப்புறம் 1960கள்ல அமெரிக்காக்காரன் நம்ம கட்டம் போட்ட துணிக்கு "ப்ளீடிங் மெட்ராஸ்"னு பேரே வெச்சு, துவைக்க துவைக்க சாயம் ஒழுகும்னு அதையே பெருமையா சொல்லி வித்தான். (எங்கம்மா புது லுங்கிய உப்புத் தண்ணில ஊற வெச்சுட்டுதான் மத்த துணிகூட போடுவாங்க.) அப்படி சாயம் போறதுக்கே பேர் வாங்கின மெட்ராஸ்ல உங்களைப் போயி சாயம் போகாத ஆளுன்னுட்டாரு.

திட்டான்னா, வார்த்தையில திட்டு இல்ல. அக்மார்க் வட சென்னைன்னு சொல்ற மாதிரிதான், ஆனா "இவன் மாறவே மாட்டான்"னு லேசா ஒரு குத்தலும் ஒட்டிக்கும், சொல்ற ஆளைப் பொறுத்து. மத்தவங்க சிரிச்சாங்களே, அது வார்த்தைக்கா ஏரியாவுக்கான்னு எனக்கும் உறுத்துது, ஏரியாவுக்குன்னா மேனேஜர்கிட்ட ஒரு டீயைக் குடிச்சிக்கிட்டே "எதுக்கு சார் சிரிச்சாங்க"ன்னு நேராவே கேட்டுடுங்க. மெயில்ல கேக்குறதா இருந்தா மட்டும் ஸ்பெல்லிங் பாருங்க, டிக்கு அப்புறம் ஒய், ஐ போட்டீங்கன்னா நிஜமாவே செத்தவன் ஆயிடுவீங்க.