ஆன்லைன் வீடியோ கேம் போட்டியில் இணைய இணைப்பு அறுந்தவரையும் தண்டிக்கும் விதியை எப்படி மாற்றியமைக்கலாம்?

தண்டையார்பேட்டையில் மழை நேரத்தில் மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும். வெற்றி தோல்விக்கேற்பப் புள்ளி கூடிக் குறையும் தரவரிசை ஆட்டத்தின் நடுவே அப்படி நேர்ந்தவரையும், தோல்வி உறுதி என்று கோபித்து வெளியேறியவரையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் இவ்விதியின் எரிச்சலூட்டும் பகுதி.

சர்வருக்கு இருவரும் ஒன்றுபோலத் தெரியவேண்டியதில்லை: மெனு வழியாக வெளியேறுபவரின் கணினி அதை சர்வருக்குச் சொல்லிவிட்டுப் போகும், மின்வெட்டிலோ தகவல் சட்டென நின்று, சற்றுக் காத்திருந்த பின்பே சர்வர் துண்டிப்பை உணரும். ஆனால் வயரைப் பிடுங்கிவிட்டு மின்வெட்டு என்று சாதிக்கும் புத்திசாலிகள் நம் தெருவிலேயே உண்டு என்பதால், இதை மட்டும் நம்பக் கூடாது. திரும்பி வந்து ஆடி முடித்தவரை விட்டுவிட்டு, அடிக்கடி துண்டிக்கப்படுபவருக்கு மட்டும் அடுத்த ஆட்டத்துக்கான காத்திருப்பைப் படிப்படியாகக் கூட்டலாம். ஆள் குறைந்து தோற்ற அணியினரின் புள்ளி இழப்பைக் குறைப்பது அதைவிட அவசரம். துண்டிக்கப்பட்டவரோடு ஒரே குழுவாகச் சேர்ந்து வந்த நண்பர்களுக்கு மட்டும் அச்சலுகை கூடாது, இல்லையேல் தோற்கும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் வயரைப் பிடுங்குவார்.