ரிப்பன் மாளிகையைக் கட்டியது யார்? அதற்கு ஏன் ஒரு வைஸ்ராயின் பெயர்?

கேள்வியைப் பார்த்தால் குரூப் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. அதனால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான இந்த மாளிகையை வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டியவர் லோகநாத முதலியார். 1909 டிசம்பர் 11 அன்று மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913-ல் திறப்பு விழா. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் கேள்விக்குக் கீழே "வெள்ளைக்காரன் கட்டியது, அவன் பெயரைத்தானே வைப்பான், இப்போதும் அது நமக்கு எதற்கு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. எங்களுடையது கட்டட வேலைக் குடும்பம். அப்பா சுண்ணாம்பு வேலைக் கொத்தனார்; நான் சின்ன அளவில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன்.

பெயரை முதலில் பார்ப்போம். ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை வைஸ்ராய். உள்ளூர் நிர்வாகத்தில் அதிகாரிகள் அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று 1882-ல் தீர்மானம் கொண்டுவந்தவர். அடிக்கல் நாட்டுவதற்குச் சில மாதம் முன்பே, 1909 ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். செத்துப்போன மனிதருக்கு ஐஸ் வைத்து யாருக்கு என்ன லாபம்? நகராட்சி என்ற அமைப்பில் நம்மவர்களுக்கு இடம் வேண்டும் என்றவர், அந்த மரியாதைக்கு வைத்த பெயர். இதைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்று யாராவது கிளம்புவார்கள். அந்த ஆட்சி செய்த கொடுமைகள் எனக்கும் தெரியும். நான் பேசுவது இந்த ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும்.

1688-ல் தொடங்கிய மாநகராட்சி, இந்த மாளிகைக்கு வருவதற்கு முன்னால் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டி தெருவில் இயங்கிக்கொண்டிருந்தது. புதுக் கட்டடத்துக்கு ஆன மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் லோகநாத முதலியாருக்குக் கொடுத்தது. நீளம் 252 அடி, அகலம் 126 அடி, மணிக்கூண்டு 132 அடி உயரம். இவ்வளவையும் நாலு வருஷத்தில் முடித்திருக்கிறார்கள் என்றால் அந்த மேஸ்திரிகளும் சித்தாள்களும் எப்பேர்ப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும்! அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. (முதலியார் பெயரை அழுத்திச் சொல்வது சாதிப் பெருமைக்காக அல்ல. நான் அந்தச் சாதியும் இல்லை.)

சுவர் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கூரையைத் தாங்குவது தேக்குச் சட்டங்கள். சுண்ணாம்பு வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். நீற்றிய சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவிட்டு, மணல் சேர்த்து, கல் உருளையில் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைவோம். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார். நெறுநெறுவென்றால் மறுபடியும் அரவைக்குப் போகும். அந்தப் பூச்சுதான் சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது. அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, உள்ளே இருக்கும் செங்கல்லையே தின்றுவிடும்.

இதையே ஓர் ஊரில் பழைய அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றில் பழுது பார்க்கப் போனபோது சொன்னேன். சுண்ணாம்பிலேயே பூசுவோம், நாள் பிடிக்கும், ஆனால் நிற்கும் என்றேன். அங்கிருந்த பொறியாளர், "எஸ்டிமேட்டில் சிமென்ட்தான் இருக்கு, அதைப் பூசுங்க" என்று முடித்துவிட்டார். எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம்தான். ஆள் உயரத்துக்குப் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழுந்தது. தரமில்லாத வேலை என்று என் வைப்புத்தொகையை நிறுத்திவைத்தார்கள். அதற்காக அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் "ஃபைல் மேலே போயிருக்கு" என்ற ஒரே பதில். சின்ன காண்ட்ராக்டர்களின் பணத்தை இப்படி முடக்கிவைப்பதை ஏன் யாருமே கேட்பதில்லை? கடன் வாங்கிக் கூலி கொடுத்தவன் வீட்டில் என்ன நடக்கும் என்று அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எழுத எனக்கு வேறு இடமில்லை.

நமக்கு எதற்கு என்றீர்களே. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-ல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. அப்போது மாநகராட்சிக்குத் தலைமை இடம் இதே மாளிகை. அவர் சிலையும் அந்த வளாகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டினார்கள், அதையும் தாங்கியது. பின்னால் அம்மா மாளிகை என்ற புது அலுவலகக் கட்டடம் வந்த பிறகும் மாமன்றக் கூட்டம் பழைய கட்டடத்தில்தான் கூடுகிறது. சென்ட்ரலில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. ஒரு வேலை நாளில் போய் வராந்தா வளைவுகளை அண்ணாந்து பாருங்கள். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் ஹாரிஸ் பெயரோடு லோகநாத முதலியார் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.